கலர் அண்ணன் திருத்திய படம்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்ன வேலையோடு வந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார்கள். கல்யாண ஆல்பமோ, கடைத் திறப்பு பேனரோ, எல்லாம் பேசி முடித்துக் கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "முகத்த மட்டும் கொஞ்சம் வெளுப்பாக்கிடுங்க" என்பார்கள். நானும் தலையாட்டி வைப்பேன். டிசைன் போடுவது என் வேலை. நிறத்தைச் சரிபார்ப்பது, ஊரின் மறுகோடியில் அச்சகத்தில் உட்கார்ந்திருக்கும் கலர் அண்ணன் வேலை. இத்தனை வருஷத்தில் கொஞ்சம் கறுப்பாக்குங்கள் என்று எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

அதனால்தான் என் மைத்துனி வேலை கொண்டுவந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. அவள் என் மனைவியின் தங்கை. வீட்டில் எல்லாருக்கும் சின்னவள். பிறவியிலேயே உடம்பில் நிறமி சுரக்காதவள். அதற்கு அல்பினிசம் என்று பெயர். தலைமுடி, புருவம், இமைமுடி எல்லாம் வெள்ளை. வெயிலில் கண் கூசும், தோல் சீக்கிரம் வெந்துவிடும். கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். பார்வை குறைவு; கண்ணாடி போட்டாலும் முழுசாகச் சரியாகாத குறைவு. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை. வங்கியொன்றின் தொலைபேசிப் பிரிவில் நாள் முழுக்க அடுத்தவர் புகாரைப் பொறுமையாகக் கேட்கிறவள், வீட்டுக்கு வந்ததும் வட்டியும் முதலுமாக எங்களிடம் பேசித் தீர்த்துக்கொள்வாள்.

அவளைப் போன்றவர்கள் சேர்ந்து நடத்தும் சின்னச் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அகலத் தொப்பி, வெயிலுக்குத் தடவும் க்ரீம், கரும்பலகையைப் பார்க்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு தொலைநோக்கி, இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. இவை இல்லாததால் கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட மக்கு என்று பெயர் வாங்கி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்களாம். பஸ் நிறுத்தங்களில் ஒட்ட ஒரு போஸ்டர் வேண்டும். பார்க்கிறவனுக்கு விஷயமும் விளங்க வேண்டும், கை தன்னால் பைக்குள்ளும் போக வேண்டும். வீட்டு வேலைதானே, ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் நான் போட்டது நிலா. கறுப்பு வானம், வெள்ளை நிலா, கீழே 'நிலாவின் பிள்ளைகள்'. எனக்கே பிடித்துப்போய்க் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னவள் அந்தத் தாளை மூக்கு படும்படி பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலமாக முகத்தை நகர்த்தி வாசித்தாள். பிறகு நிலாவுக்கு எதற்கு மாமா தொப்பியும் க்ரீமும் என்று கேட்டாள். இரண்டாவது, வெள்ளைத் தாளில் மெல்லிய சாம்பல் எழுத்து. இப்போது அதுதான் நாகரிகம், பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அப்படித்தான் போடுகின்றன. அவள் தாளை ஒரு கண்ணுக்குக் கொண்டுபோனாள், மறு கண்ணுக்குக் கொண்டுபோனாள், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். எழுத்து இன்னும் அச்சாகவில்லையா என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே தெரியவில்லையா என்று புரியாமல் நான் முழித்தேன்.

மூன்றாவது, கன்னத்தில் கண்ணீரோடு ஒரு குழந்தை. இதற்கு அவள் சிரிக்கக்கூட இல்லை. பாவம் பார்த்துக் கொடுக்கிறவன் ஒரு தடவை கொடுத்துவிட்டு அடுத்த தடவை எதிர்ப்பக்கம் போய்விடுவான் என்றாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். உனக்கு என்னதான் வேண்டும் என்று கத்திவிட்டேன். கத்தியதும் சங்கடமாக இருந்தது. அதை மறைக்க, இத்தனை வருஷமாக மனசில் இருந்தும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். உன் கண்ணுக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும்?

அவளுக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினாள். எல்லாரும் நினைப்பதுபோல மூட்டமாக இருக்காதாம். மொட்டை மாடியில் நின்று கீழே தெருவில் போகிறவரைப் பார்த்தால், ஆள் தெரியும், சட்டை நிறம் தெரியும், நடை தெரியும், முகம் மட்டும் பிடிபடாது இல்லையா? அவளுக்கு மேசையின் எதிர்ப்பக்கம் இருக்கிறவரே அப்படித்தானாம். அதனால் எதையும் கிட்டே போய்ப் பார்ப்பாள். தூரத்துக்கு என்றால் அவள் பைக்குள்ளும் ஒரு தொலைநோக்கி உண்டு. எடுத்துக் காட்டினாள். நான் அதைக் கண்ணில் வைத்து எதிர்க்கடைக்காரர் கணக்குப் போடுவதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் இன்னும் என்னென்னவோ கேட்டேன். கனவில் முகம் தெரியுமா என்றுகூடக் கேட்டேன். தெரியும், ஆனால் கனவிலும் கிட்டே போனால்தான் என்றாள்.

கேள்வியெல்லாம் தீர்ந்தபிறகு அவளே சொன்னாள். சங்கத்தில் எல்லாரையும் விசாரித்தாளாம். ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் ஒரே கதையாம். குடும்பப் படத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு இருப்பார்கள்.

"எங்க வீட்டு ஹால்ல எத்தனை போட்டோ மாட்டியிருக்கு. எதுலயாவது நான் இருக்கேனா மாமா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. எங்கள் கல்யாணப் படத்தில்கூட இல்லை. அன்றைக்குக் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ஓடியாடிப் படம் எடுத்ததே அவள்தான். படம் எடுக்கிறவள் படத்தில் எப்படி வருவாள் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்துத்தான் அவள் கேமராவைத் தூக்கினாளோ என்று இப்போது தோன்றியது.

"அம்மாவுக்கு என் பக்கத்துல நிக்க வெக்கம்" என்றாள். வானிலை சொல்வது போன்ற குரலில் சொன்னாள். "போஸ்டர்ல குடும்பப் படம்தான் போடணும். நடுவுல நான், ரெண்டு பக்கமும் அம்மாவும் அக்காவும். அம்மா நின்னா நானும் நிக்கறேன். இல்லேன்னா நீங்க நிலாவையே ஒட்டிக்கங்க."

இப்படியாக போஸ்டர் வேலை போய் என் மாமியாரைச் சம்மதிக்க வைக்கும் வேலை என் தலையில் வந்து விழுந்தது. சின்னவளுக்கு அந்தப் படம் எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அம்மா மறுபடி மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு எந்த நாளிலும் அவள் கேட்க மாட்டாள். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அத்தை வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். பள்ளிச் சீருடைகள் மலையாகக் குவிந்திருக்கும். சின்னவளின் தொப்பிகளை எல்லாம் அவர்தான் தைக்கிறார். விளிம்புக்கு உள்பக்கம் கறுப்புத் துணி வைத்துத் தைப்பார். தரையிலிருந்து எகிறும் வெளிச்சம் விளிம்பில் பட்டுக் கண்ணைக் கூசாமல் இருக்க அவரே கண்டுபிடித்த உத்தி. பொத்திப் பொத்தி வளர்த்த மகள். அவளோடு ஒரு படத்துக்கு நிற்க என்ன கேடு என்று எனக்கு விளங்கவில்லை.

படம் கெட்டுப்போகும் மாப்பிள்ளை என்றுதான் ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்களே சொன்னார்களாம். சின்னவள் சரியாக விழுந்தால் மற்றவர்கள் கரி அப்பியது போல இருட்டிப்போவார்கள், மற்றவர்கள் சரியாக விழுந்தால் இவள் முகத்தில் கண்ணும் மூக்கும் இருக்காது, வெறும் வெளிச்சம்தான் இருக்கும். அது உண்மைதான். ஆனால் இப்போதைய கேமராவுக்கு அது ஒரு விஷயமே இல்லை என்று விளக்கினேன். வெட்டிக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார், மறுபடி விரித்தார். தெருவில் எல்லாம் ஒட்டுவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எல்லாரும் பார்ப்பார்களா என்றார். பார்க்கத்தானே ஒட்டுகிறோம் என்றேன்.

"அதான் வேணாங்கறேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்ற பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இவ்வளவு யோசனையா என்று வாய் வரை வந்துவிட்டது. என் மனைவி உள்ளே இருந்து வந்து என் தோளை அழுத்தாமல் இருந்திருந்தால் அது வெளியேயும் வந்திருக்கும். கோபத்தை விழுங்கிக்கொண்டு, நீங்கள் நிற்காவிட்டால் தானும் நிற்க மாட்டேன் என்று சின்னவள் சொன்னதை மட்டும் சொன்னேன். அத்தை கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அப்படியா சொன்னா?"

"அப்படித்தான் சொன்னா."

கொஞ்ச நேரம் ஊசிப் பெட்டியைக் குடைந்தார். எதையும் எடுக்கவில்லை. எந்தப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார்.

கடை மாடியில், ஜன்னல் ஓரமாக வைத்துப் படம் எடுத்தோம். ஃபிளாஷ் அடித்தால் சின்னவளுக்குக் கண் கூசும் என்பதால், எங்கள் கடைக்குப் படமெடுக்கும் பெண் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை வடிகட்டினாள். அத்தை பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றார். அவருக்கும் சின்னவளுக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம். கிட்டே வாங்க, கிட்டே வாங்க என்று சொல்லிச் சொல்லிப் படமெடுக்கும் பெண்ணுக்குத் தொண்டை வறண்டது. கடைசியில் சின்னவளின் காலர் மடிந்திருப்பதை அத்தை கவனித்துவிட்டார். தையல்காரர் கண்ணாயிற்றே, சும்மா விடுமா. தன்னை மறந்து கையை நீட்டிக் காலரைச் சரிசெய்தார். சின்னவள் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு கிட்டத்தில் என்றால் அவளுக்கு நன்றாகவே தெரியும். என் மனைவி மறுபக்கம் நின்று சிரித்தாள். அந்தப் படம்தான் தேறியது.

மானிட்டரில் பார்த்தபோது எல்லாருடைய முகமும் அப்படி அப்படியே விழுந்திருந்தது. சின்னவள் சொன்னபடி இளமஞ்சள் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்துகளை வைத்தேன். கீழே அல்பினிசம் என்றால் என்ன என்று சங்கத்தின் துண்டுப் பிரசுரத்தில் இருந்ததை நாலு வரியில் சுருக்கிப் போட்டேன். படத்தைத் தனி ஃபைலாகவும் எழுத்தைத் தனி ஃபைலாகவும் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, சொன்ன நாளைத் தாண்டிப் போயிருந்த ஒரு கல்யாண ஆல்பத்தோடு மல்லுக்கட்டப் போனேன்.

அங்கேதான் கதை கெட்டது.

கலர் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்தக் கடைக்கும் வர மாட்டார், எந்த வாடிக்கையாளரையும் பார்க்க மாட்டார். இருட்டறையில் இரண்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். வெளிச்சம் பட்டால் கண்ணின் அளவு கெட்டுவிடும் என்று டீயைக்கூட உள்ளேயே வாங்கிக் குடிப்பார். எழுத்தை அவர் படிப்பதே இல்லை. என் வேலை முகம்தான் என்பார். குடும்பப் படம் வந்தால் அவருக்கு ஒரு முறை உண்டு. அந்தப் படத்தில் யாருடைய கையின் நிறம் இயல்பாக விழுந்திருக்கிறதோ அதை அளவாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாரையும் அதற்குக் கொண்டுவருவார். ஒருத்தர் வெளிறிப்போயிருந்தால் ஃபிளாஷ் கோளாறு. நரைத்திருந்தால் கேட்காமலே கறுப்பாக்கிவிடுவார். அதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் அதிகம் என்பது அவருடைய அனுபவம். அவரிடம் யாரும் குறை சொன்னதில்லை என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

சங்கத்துக்கு என்று இருப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து அறை. அச்சகத்திலிருந்து கட்டு நேராக அங்கே போய் இறங்கியது. நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். சின்னவள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். அத்தை, தான் எப்படி விழுந்திருக்கிறோம் என்று பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னார். நான் கட்டைப் பிரித்து மேல் தாளை மேசையில் விரித்தேன்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. படத்தில் மூன்று பேரும் ஒரே மாநிறம். மூன்று பேருக்கும் கருகருவென்று முடி. நடுவில் இருந்தவளுக்குப் புருவம்கூடத் தீட்டி விட்டிருந்தார் மகாராசன். கீழே தடித்த எழுத்தில் அல்பினிசம் பற்றி எழுதியிருக்கிறது, மேலே அது யாருக்கும் இல்லை. என் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. நான் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். கலர் அண்ணன், ஃபிளாஷ் கோளாறை எப்படிச் சரி பண்ணியிருக்கிறேன் பார்த்தாயா தம்பி என்று குஷியாக ஆரம்பித்தார். நான் அவரை என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. விஷயம் புரிந்ததும் மனிதர், யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அதுவும் உண்மைதான் என்பதால் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

நான் உள்ளே திரும்பியபோது சின்னவள் போஸ்டர்மேல் குனிந்திருந்தாள். அவளிடம் யாரும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. வழக்கம்போல மூக்கு தாளில் உரச, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தாள். அம்மா முகத்தில் நிறைய நேரம் நின்றாள். நடுவுக்கு வந்தாள். வலது பக்கம் போனாள். மறுபடி நடுவுக்கு வந்தாள்.

"மாமா, அக்காவ ஏன் ரெண்டு தடவ போட்டிருக்கீங்க?"

அவள் தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் தூக்கித் தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு விரலைப் படத்தில் வைத்தாள்.

"இது நானா?"

இப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். என் மனைவிக்கு மோவாயின் நடுவில் ஒரு குழி உண்டு. அப்பாவை உரித்து வைத்திருக்கிறாள் என்று எல்லாரும் அதைக் காட்டித்தான் சொல்வார்கள். அந்த அப்பாவை நான் பார்த்ததில்லை. சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போனவர். படத்தில் நடுவில் இருந்தவளுக்கும் அதே குழி, அதே இடத்தில். வாயோரமும் அதே மாதிரி. இத்தனை வருஷமாகத் தினமும் பார்க்கிற முகம். நான் அவள் நிறத்தைத் தாண்டிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அக்காவும் தங்கையும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தார்கள்.

அத்தை எங்களை விலக்கிக்கொண்டு மேசைக்கு வந்தார். அந்தக் குழியின் மேல் விரலை வைத்தார். எடுக்கவேயில்லை.

"இத அன்னைக்கே ஒருத்தர் இப்படிக் காட்டியிருந்தா உங்கப்பா போயிருக்க மாட்டார்" என்றார்.

சின்னவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். தன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்பா போய்விட்டார் என்பது அவளுக்குத் தெரிந்த கதை. அதுதான் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சொன்னார். குழந்தை பிறந்ததும் அப்பாவின் வீட்டார் எட்டி நின்று பார்த்துவிட்டு, இது யாருடைய பிள்ளை என்று கேட்டார்கள். முதலில் அவர்கள் கேட்டார்கள், பிறகு அவரும் கேட்டார். மோவாயைப் பாருங்கள், மூத்தவளுக்கு இருக்கிற அதே குழிதான் என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாராம். வெள்ளை முகத்தில் அந்தக் குழி நிழலாகக்கூடத் தெரியாது, கிட்டே குனிந்து பார்த்தால்தான் தெரியும். குனிய யாரும் தயாராக இல்லை.

"யாரும் கிட்ட வந்து பாக்கல" என்றார் அத்தை. "அப்புறம் எந்தப் போட்டோவக் காட்டினாலும் அதே கேள்வி. இவ யார் சாயல், யார் சாயல்னு. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. உன் பக்கத்துல நிக்க எனக்கு வெக்கம்னா நெனச்சிட்டிருந்த? அந்தக் கேள்வி உன் காதுல விழுந்துடக் கூடாதுன்னு பயந்தேன்டி."

என் மனைவி விசும்ப ஆரம்பித்தாள். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

"அம்மா, இது அம்மா பக்கத்துலேர்ந்து மட்டும் வராது" என்றாள் சின்னவள் கடைசியில். "அப்பா பக்கத்துலேர்ந்தும் வரணும். ரெண்டு பேருமே அவங்களுக்கே தெரியாம உள்ள வெச்சிருந்தாதான் பிள்ளை இப்படிப் பிறக்கும். ரெண்டு பேரும் பாக்க மாநிறமாதான் இருப்பாங்க. இதுல யாரையும் சந்தேகப்பட ஒண்ணுமே இல்ல."

"யாரு சொன்னா?"

"நாந்தான். ஊர் பூரா இதச் சொல்லித்தான் நோட்டீஸ் குடுத்துக்கிட்டிருக்கேன்."

அத்தை அவளையே பார்த்தார். ஒரே வீட்டில், ஒரே மின்விசிறிக்குக் கீழே இத்தனை காலம். ஒருத்திக்குக் கேள்வி தெரியும், இன்னொருத்திக்குப் பதில் தெரியும். இரண்டையும் ஒருவருக்கொருவர் பொத்தி வைத்திருந்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்று அத்தை மெதுவாகக் கேட்டார். நீ கேட்கவே இல்லையே என்றாள் அவள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள், நடுவில் சின்னவள் சிரிக்கவும் செய்தாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கண்ணைத் துடைத்த கையோடு தொழில் மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. இதுதான் போஸ்டர் என்றேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம். இது திருத்தியது, இது நிஜம், இரண்டிலும் முகம் ஒன்றுதான் என்று காட்டுவோம். கலர் அண்ணன் செய்த கூத்து நமக்கு அடித்த யோகம் என்றேன்.

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, முடியாது என்றாள். தன்னைக் கறுப்பாக்கிக் காட்டினால்தான் தான் அம்மாவின் பெண் என்று நம்புவார்களா? அப்படியானால் கறுப்பாக்க முடியாத பிள்ளைகள் நாளைக்குப் பள்ளிக்கூட வாசலில் எதைக் காட்டுவார்கள்? அவள் சொன்னது சரி. கட்டு கட்டாக வீணாய்ப்போன தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவள ஏன் மாத்தறீங்க மாப்பிள்ளை?" என்றார் அத்தை. "என்னை மாத்துங்க."

முதலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னையும் பெரியவளையும் அவ நிறத்துக்கு மாத்துங்க. தலமுடி, புருவம் எல்லாம். அப்ப கிட்ட வந்துதானே பாக்கணும்?"

அன்றைக்கே எல்லாரும் கலர் அண்ணனின் இருட்டறைக்குப் போனோம். அவர் எழுந்து நின்று சின்னவளின் முகத்தை நேரில் பார்த்தார். மன்னிச்சுக்கம்மா என்றார். எங்கள் வீட்டில் யாரும் பேசாததைப் பேச வைத்ததற்கு நன்றி என்றாள் அவள். அவருக்கு அது புரியவில்லை. அவர் உட்கார்ந்து படத்தைத் திறந்தார். வழக்கமான கேள்வி அவர் வாயில் தானாக வந்தது, எவ்வளவு வெளுப்பாக்கணும் என்று. இந்தத் தடவை யார் கையை அளவாக வைப்பது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சின்னவளின் கையில் அளவெடுத்து அத்தையின் முகத்தை மெல்ல மெல்ல மாற்றினார். அத்தை மானிட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இமைமுடியை விட்டுவிட்டீர்கள், காது மடல் இன்னும் கொஞ்சம் ரோஜா நிறமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பிச் சின்னவளைப் பார்க்காமலே சொன்னார். அவருக்கு அந்த நிறத்தில் ஒவ்வொரு இடமும் மனப்பாடம்.

போஸ்டரில் இப்போது மூன்று வெள்ளைப் பெண்கள். மேலே தடித்த கறுப்பு எழுத்தில் 'கிட்ட வந்து பாருங்க' என்று போட்டேன். அதன் கீழே, இவர்களில் ஒருவருக்குத்தான் அல்பினிசம், மூவரும் ஒரே குடும்பம். அதற்கும் கீழே தொப்பி, க்ரீம், தொலைநோக்கி, பணம் அனுப்பும் முறை. தூரத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று ஒரு வெளிச்சம். யார் அந்த ஒருவர் என்று கண்டுபிடிக்கக் கிட்டே போகாமல் இருக்க முடியாது. போனால் மீதியைப் படித்துத்தான் ஆக வேண்டும். சங்கத்தின் ஃபோன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. கேள்வி கேட்கவே பாதிப் பேர் கூப்பிட்டார்கள், கேட்டு முடித்தபின் பணமும் அனுப்பினார்கள். தொப்பித் தையல் அத்தை வீட்டுக்கு வந்தது. சீருடைகள் மூலைக்குப் போயின.

ஒருநாள் சாயங்காலம் சின்னவளை அலுவலகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் வீட்டுப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே சாலையைக் கடக்க நின்றபோது, அங்கே போஸ்டருக்குப் பக்கத்தில் அத்தை நிற்பதைப் பார்த்தேன். நூல் வாங்கிவரும் பை கையில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி படத்தைக் காட்டி அவரிடம் ஏதோ கேட்டாள். யார் சாயல் என்றுதான் கேட்டிருப்பாளோ என்று சாலையைக் கடக்காமல் நின்றுவிட்டேன்.

"என்ன மாமா நின்னுட்டீங்க?"

உங்கம்மா எதிர்ல நிக்கறாங்க என்றேன். இன்னொரு அம்மா படத்தைக் காட்டி எதையோ கேட்கிறாங்க என்றும் சொன்னேன். சின்னவள் என் கையை இறுகப் பிடித்தாள். அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பெண்மணியின் மணிக்கட்டைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் இழுத்துப் போனார். போனதை அப்படியே சொன்னேன்.

"மோவாயக் காட்டறாங்களா?"

"காட்டறாங்க. முதல்ல உன்னோடத. இப்ப அக்காவோடத."

சின்னவள் அவசரமாகப் பையைத் துழாவித் தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். எதிரே அந்தப் பெண்மணி குனிந்து படத்தை உற்றுப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அத்தை இன்னும் பேசிக்கொண்டே இருந்தார். நடுவே ஒரு பஸ் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்தது. சின்னவள் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல், பஸ் நகரும் வரை அப்படியே நின்றாள்.